கத்திரி வெயிலில் தண்ணீர் ஊற்றாதீர்கள்: வேலூரில் சுவர்ப் பாசி வளர்ப்பு

வேலூரில் பாசி வளர்க்கலாம் என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். அதெல்லாம் ஊட்டி, கொடைக்கானல் சமாச்சாரம் என்பார்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் வடக்குப் பக்கத்தைப் பாருங்கள். டேங்க் வழிகிற இடத்தின் அடியையும், கைப்பம்பைச் சுற்றியுள்ள பழைய சிமென்ட் தளத்தையும் பாருங்கள். கரும்பச்சையில் மெத்தை போட்டதுபோல் இருக்கும். குளிர் தேசத்திலிருந்து யாரும் கொண்டுவந்து வைத்ததல்ல, இந்த ஊர் வெயிலில் பிறந்து வளர்ந்தது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். குளத்தில் மிதப்பதும் பாசி, குளியலறையில் வழுக்குவதும் பாசி, சுவரில் மெத்தையாய் வளர்வதும் பாசி. தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். இங்கே பேசுவது மூன்றாவது வகை. பாடப்புத்தகம் மாஸ் என்று சொல்கிற, தண்டும் இலையும் உள்ள குட்டிச் செடி. சந்தேகமிருந்தால் விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று ஒட்டினால் அது வேறு. குட்டிக் குட்டி இலைகளாக உதிர்ந்தால் இதுதான்.

நம் பக்கத்துச் சிமென்ட், சுண்ணாம்புச் சுவர்களில் இருப்பது பெரும்பாலும் ஹையோஃபிலா இன்வொலூட்டா. உள்நோக்கிச் சுருண்டது என்பது அந்த இரண்டாம் பெயரின் பொருள். ஏன் அந்தப் பெயர் என்று தெரிய, நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற 10 மடங்கு லென்ஸ் ஒன்று போதும். காய்ந்த கொத்து ஒன்றை வெள்ளைத் தட்டில் வையுங்கள். இலைகளின் இரு ஓரமும் உள்ளே மடங்கி, வெற்றிலைச் சுருள்போல் இறுகிப் பழுப்பாய்க் கிடக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு லென்ஸை எடுக்காமல் பாருங்கள். சுருள் பிரிந்து, இலை விரிந்து, பச்சை மேலே வந்துவிடும். இலை நுனியின் ஓரத்தில் ரம்பப் பல் தெரியும். இலைக்கும் தண்டுக்கும் இடையில் துகள் துகளாக ஏதாவது ஒட்டியிருந்தால் தட்டிவிடாதீர்கள். ஜெம்மா எனப்படும் அந்தத் துகள் ஒவ்வொன்றும் ஒரு புதுச் செடியாகும். நுனியெல்லாம் வெள்ளி பூசினாற்போல் மினுமினுத்தால் அது பிரையம் அர்ஜென்டியம். அதையும் இதே முறையில் வளர்க்கலாம்.

எடுப்பது எங்கே? உங்கள் வீட்டுச் சுவரில், அல்லது கேட்டு வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டுச் சுவரில். கோட்டை மதில் பாதுகாக்கப்பட்ட சின்னம், அதில் கத்தி வைக்கக் கூடாது. ஏலகிரி, ஜவ்வாது பக்கம் போகும்போது காப்புக்காட்டில் பெயர்த்து எடுத்து வருவது சட்டப்படி குற்றம். தவிர, மலைப்பாசியைக் கீழே கொண்டுவந்தால் ஒரு கோடைகூடத் தாங்காது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க எல்லாரும் சுவரைச் சுரண்டும் மார்கழிக் கடைசிதான் அறுவடைக் காலம். குப்பைக்குப் போகிற பாசியைக் கேட்டால் யாரும் இல்லையென்று சொல்வதில்லை. பிளீச்சிங் பவுடர் தூவுவதற்கு முன்பாகவே போய்விட வேண்டும், அவ்வளவுதான். பெயிண்டர்கள் பட்டி பார்க்கிற தகடு ஒன்று போதும். முதல்நாள் சாயங்காலம் சுவரை நனைத்துவிட்டு, மறுநாள் காலையில் தகட்டைப் படுக்கையாகச் செலுத்தினால் அடை மாதிரி பெயரும். உள்ளங்கை அளவு அடை ஒன்று, அதைப்போல ஐந்து மடங்கு பரப்புக்கு விதையாகும்.

எடுத்ததை வாளித் தண்ணீரில் இரண்டு முறை அலசி எறும்பு, நத்தை, மண் போகச் சுத்தம் செய்து, செய்தித்தாளில் பரப்பி நிழலில் மூன்று நாள் காயவையுங்கள். பிறகு காகித உறையில் போட்டுவைத்தால் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் கவரில் ஈரத்தோடு கட்டிவைத்தால் இரண்டே நாளில் நாறும். மார்கழியில் எடுத்ததை உறையிலேயே வைத்திருந்து, அடுத்த புரட்டாசி கடைசியில் தூவுவதுதான் நல்லது. அடுத்து ஐப்பசி, கார்த்திகை மழை வரும், நமக்குப் பாதி வேலை மிச்சம்.

பாசி வளர்க்கிற தட்டு மண்ணாலானதாக, பூச்சில்லாததாக இருக்கட்டும். கரிகிரிப் பக்கத்துப் பளபளப்புப் பாண்டங்கள் பார்க்க அழகு, ஆனால் நீர் உறிஞ்சாது, இதற்கு ஆகாது. தொட்டிக்கு அடியில் வைக்கிற சாதாரணத் தட்டில் மூன்று துளை போட்டுக்கொள்ளுங்கள். கலவைக்குச் செங்கல் தூள் 2 பங்கு, மணல் 1 பங்கு, செம்மண் 1 பங்கு. மூன்றையும் மாவு சல்லடையில் சலிக்க வேண்டும். எம்-சாண்ட் என்றால் தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள், அதிலுள்ள மாவுத்தூள் இறுகி ஓடுபோல் ஆகிவிடும். 30 செ.மீ. அகலத் தட்டில் 2 செ.மீ. உயரத்துக்கு நிரப்ப ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ஆகும். பழைய வீடு இடித்த சுண்ணாம்புக் காரை கிடைத்தால் ஒரு கைப்பிடி நொறுக்கிச் சேருங்கள், இந்தப் பாசிக்கு அது விருந்து. புதுச் சிமென்ட் மட்டும் வேண்டாம். அதன் காரம் எதையும் முளைக்க விடாது. சிமென்ட் பொம்மை, சிமென்ட் தொட்டி மேல் வளர்க்க நினைத்தால், மூன்று வாரம் தண்ணீரில் மூழ்க வைத்து, இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீர் மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள். எருவும் பஞ்சகவ்யமும் டி.ஏ.பி.யும் கிட்டேயே வரக் கூடாது.

கலவையைக் கைப்பலகையால் அழுத்திச் சமன் செய்து, அடியில் தண்ணீர் வைத்து முழுவதும் ஊறவிடுங்கள். காய்ந்த பாசியை இரு உள்ளங்கைக்கும் நடுவில் கசக்கித் தூவுங்கள், புட்டுக்குத் தேங்காய்ப்பூ தூவுகிற அடர்த்தி போதும். நனைந்த பிறகு இன்னொரு பலகையால் மெதுவாக அழுத்துங்கள், ஒட்டாத துகள் முளைக்காது.

இந்த இடத்தில் மோர் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாசியையும் மோரையும் மிக்ஸியில் அடித்துச் சுவரில் பூசினால் பத்தே நாளில் பச்சையாகிவிடும் என்று ஒரு வைத்தியம் ஊரெல்லாம் சுற்றுகிறது. பாசி தன் சாப்பாட்டை வெளிச்சத்தில் தானே சமைத்துக்கொள்கிறது, அதற்குப் பால் எதற்கு? அந்த மோரைத் தின்பது பூஞ்சணம்தான். நம் ஊர்ச் சூட்டில் மூன்றாம் நாள் வெள்ளைப் பஞ்சு கிளம்பும், பின்னாலேயே ஈயும் எறும்பும் வரும். மிக்ஸி வேறு செல்களை நைத்துக் கூழாக்கிவிடுகிறது. வெறும் தண்ணீர் போதும்.

அந்தத் தண்ணீர்தான் இங்கே பெரிய தலைவலி. பாசிக்கு வேர் கிடையாது. கீழே இருக்கும் இழைகள் பிடித்துக்கொள்ள மட்டும்தான். ஒரே செல் கனமுள்ள இலை வழியாகத்தான் குடிக்கிறது. தண்ணீரில் உள்ள உப்பு அத்தனையும் இலைமேலேயே காய்கிறது. பாலாற்றங்கரை போர்வெல் தண்ணீர் எப்படிப்பட்டது என்று எவர்சில்வர் பாத்திரம் கழுவுகிறவர்களுக்குத் தெரியும். கறுப்புத் தட்டில் ஒரு கரண்டி ஊற்றிக் காயவிடுங்கள். வெள்ளை வளையம் தடிப்பாக விழுந்தால் அதைத் தொடாதீர்கள். மழைநீர் முதல் தரம். முதல் பத்து நிமிட மழை மாடியைக் கழுவிவிடட்டும், பிறகு டிரம்மில் பிடித்து, கொசு முட்டையிடாமல் துணி கட்டி மூடுங்கள். அடுத்தது ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர். காயிலுக்கு மருந்தடித்து சர்வீஸ் செய்திருந்தால் ஒரு வாரத்து நீரைக் கொட்டிவிடுங்கள். ஆர்.ஓ. தண்ணீரும் ஆகும். ஆர்.ஓ. கழிவு நீர் விஷம். குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம், அதுவும் உப்புக் குறைவாக இருந்தால் மட்டும்.

முதல் ஆறு வாரம் ஈரம் அறுபடக் கூடாது. காலை 6 மணிக்கும் மாலை 5 மணிக்கும் ஸ்பிரேயரில் பனிபோல் தெளியுங்கள், மழைநாளில் தேவையில்லை. மூன்று நான்கு வாரத்தில் மண்மேல் பச்சை நூல் படரும். பாசி வரவில்லை, அழுக்குதான் வந்திருக்கிறது என்று நிறைய பேர் இங்கேதான் சுரண்டி எறிகிறார்கள். அதுதான் முளை, அதன் பெயர் புரோட்டோனீமா. எட்டாவது வாரத்தில் அதன்மேல் ஊசிமுனை அளவு மொட்டுகள் வரும். மெத்தையாக மூட நாலைந்து மாதம் ஆகும். இடம், பேப்பர் படிக்கிற அளவு வெளிச்சமுள்ள வடக்குத் தாழ்வாரம். காலை 8 மணி வரை கிழக்கு வெயில் பட்டால் நல்லது. மாடியில்தான் இடமென்றால் 75 சதவீத நிழல்வலை வேண்டும்.

இனி கோடை. தையிலிருந்து தெளிப்பதைக் குறைத்து, பங்குனியில் தட்டை நல்ல நிழலுக்கு, காற்றோட்டமான திண்ணை ஓரத்துக்கு மாற்றி, சித்திரை பிறந்ததும் அடியோடு நிறுத்துங்கள். பாசி பழுப்பாகிச் சுருளும். பார்க்கப் பாவமாக இருக்கும், கை ஸ்பிரேயரைத் தேடும். தெளிக்காதீர்கள். நனைந்ததும் பாசி முதலில் செய்வது பழுது பார்க்கிற வேலை. காய்ந்தபோது சிதைந்த செல் சவ்வைச் சேமிப்பிலிருந்து செலவழித்துச் சரிசெய்கிறது. அதற்குப் பிறகு சில மணி நேரமாவது ஈரத்தோடு வெளிச்சத்தில் இருந்தால்தான் செலவழித்ததைச் சம்பாதிக்க முடியும். மே மாதப் பதினொரு மணிக்குத் தெளித்தால் இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும், செலவு மட்டும்தான் மிச்சம். தினம் இப்படிச் செய்தால் பட்டினியில் சாகும். போதாக்குறைக்கு, காய்ந்த பாசி தாங்குகிற சூட்டை நனைந்த பாசி தாங்காது. 40 டிகிரியைத் தாண்டுகிற நாளில் ஈரத்தோடு இருப்பது வெந்துபோகிறது. வேலூரில் வீட்டுப் பாசி சாவது வறட்சியாலல்ல, இரக்கத்தால்தான்.

ஆனியிலும் ஆடியிலும் சாயங்கால இடிமழை நாலைந்து விழுந்ததும் தட்டை வெளியே எடுத்து வையுங்கள். ஒரு வாரத்தில் நுனிகளில் எலுமிச்சம்பச்சை தெரியும். தெரியாவிட்டாலும் மூன்று வாரம் பொறுங்கள், பழைய தண்டின் அடியிலிருந்தும் உதிர்ந்த ஜெம்மாவிலிருந்தும் கிளம்பும். அதற்குப் பிறகும் பழுப்பாகவே இருந்து, நனைத்துத் தேய்த்தால் தூளாகிறது என்றால் செத்தது.

மற்றபடி வருகிற தொல்லைகள்: கறுப்பாய் வழவழவென்று படலம் மூடினால் ஈரம் அதிகம், அல்லது எரு கலந்திருக்கிறது. மூன்று நாள் காயவிட்டால் படலம் தோலாக உரியும். மைனாவும் தவிட்டுக்குருவியும் புழு தேடி அடையைப் புரட்டிப் போடும், கோழிவலை போடுங்கள். புரண்டதைத் திருப்பி வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். கீழாநெல்லி மாதிரி களை முளைத்தால் பிடுங்காதீர்கள், மெத்தையோடு வரும், கத்தரியால் அடியில் வெட்டுங்கள். வேப்பம்பூவும் சருகும் விழுந்தால் விளக்குமாறு வேண்டாம், இரண்டு அங்குலப் பெயிண்ட் பிரஷ் போதும். வெள்ளை உப்புப் படிந்துவிட்டால் மழைநீரில் தட்டையே அரைமணி மூழ்க வைத்து எடுங்கள், வாரத்துக்கொரு முறையாக மூன்று வாரம்.

மூடிய கண்ணாடி ஜாடியில் இதை வளர்க்க ஆசைப்படாதீர்கள். நனைந்து காய்ந்து பழகிய செடி, ஜாடிக்குள் நெட்டை நெட்டையாக வெளிறி வளரும், மார்ச் மாதத்தில் ஜன்னலோரம் வைத்தால் வெந்தே போகும். அலங்காரத்துக்குப் பாக்கெட்டில் விற்கிற பளீர்ப் பச்சைப் பாசி பதப்படுத்திச் சாயம் போட்டது. தண்ணீர் தெளித்தால் சாயம்தான் வரும். வீட்டில் பழைய அம்மியோ உரலோ சும்மா கிடந்தால் அது நல்ல இடம். கொத்திய கல்லின் குழிகளில் அதே கலவையைக் குழைத்து நகக்கனத்துக்குப் பூசி, மேலே பாசியைத் தூவி அழுத்திவிடுங்கள். மழமழவென்று பாலிஷ் போட்ட கிரானைட்டில் எதுவும் நிற்காது.