வடக்குப் பக்கத்து ஜன்னல்

நவம்பர் 8
அப்பா படுக்கிற அறையின் ஜன்னலைத் திறந்தால் தடுப்புச்சுவர்தான். வடக்குப் பக்கம். வீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் மூன்றடி இடம், அதையும் சிமெண்ட் போட்டு மூடிவிட்டார்கள், மண்ணில் நடுகிற பேச்சே இல்லை, தொட்டிதான். கொடி ஏதாவது ஏற்றிவிட்டால் கண்ணுக்குப் பச்சையாக இருக்கும். "எதுக்கும்மா இப்ப அதெல்லாம்" என்கிறார். அவருடைய டெஸ்ட் ரிசல்ட் வரும் புதன்கிழமை வரைக்கும் வேறு என்ன செய்ய?

நவம்பர் 9
மழை. மேட்டுப்பாளையம் ரயில் இன்றும் ரத்து. ஆஸ்பத்திரியிலிருந்து போன் இல்லை.

நவம்பர் 10
வடக்குச் சுவர் என்றால் வருஷம் முழுக்க நிழல் என்று இங்கிலாந்துக்காரர்கள் எழுதி வைத்திருப்பது அவர்கள் ஊருக்குச் சரி. ஊட்டி இருப்பது 11.4 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை மத்தியான சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும், அதாவது மே மாதம் இந்தச் சந்துக்குள்ளும் வெயில் இறங்கும். அதுவும் ஜூனில் மூடுபனி வரும் வரைக்கும்தான். இப்போதிலிருந்து மார்ச் வரை நேர் வெயில் ஒரு துளி கிடையாது, உறைபனி கொட்டுவதும் இதே மாதங்களில். ஆக நிழல் தாங்கினால் மட்டும் போதாது, பனியும் தாங்கணும். மணி பிளாண்ட் பட்டியலிலிருந்து அடிபட்டுப் போச்சு. மிளகு, மலைப்பாதையில் கீழே இருக்கிற பர்லியாறோடு நின்றுவிடும்.

நவம்பர் 12
ரிசல்ட் வரவில்லை. வேறு ஏதோ சாயம் போட்டுத் திரும்பவும் பார்க்கணுமாம். அடுத்த வாரம்.

நவம்பர் 13
நர்சரி அண்ணா யோசிக்கவே இல்லை, "ஐவி வைங்கக்கா, நிழலும் தாங்கும், பனியும் தாங்கும்" என்றார். சுவர் மூட எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். "முதல் வருஷம் வேர் பிடிக்கும். ரெண்டு மூணு வருஷத்துல பாருங்க, சூப்பரா இருக்கும்." சரிண்ணா என்று சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 14
ரெண்டு மூணு வருஷம்.

நவம்பர் 15
தூக்கம் வரவில்லை. வேகமாக ஏறுவது எது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். துன்பெர்ஜியா, ரோட்டோரமெல்லாம் ஆரஞ்சுப் பூவும் கறுப்புக் கண்ணுமாகப் படர்ந்து கிடக்கிறதே, அது சில மாதத்தில் ஆள் உயரம் தாண்டும். ஆனால் ஒரு ராத்திரி பனி போதும், கருகிவிடும், தவிர அது வேலி தாண்டி ஓடுகிற ஆப்பிரிக்கச் செடி, நானே போய் வளர்க்கணுமா? இதே இனத்தில் நம் மலைக்கே சொந்தமான ஒன்று உண்டு, மஞ்சளும் செம்பழுப்புமாகச் சரம் தொங்கும், தேன்சிட்டு வரும். அதுவும் பனிக்கு ஆகாது. தாட்பூட் (பேஷன் ஃப்ரூட்) கொடி வைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. வெயில் இல்லாமல் அது பூக்கவே யோசிக்கும். ஏப்ரலில் விதை போடலாம் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன்.

நவம்பர் 16
அப்பா ரெண்டு இட்லி சாப்பிட்டார். சட்னி காரம் என்று திட்டினார். நல்ல நாள்.

நவம்பர் 17
கிடைத்துவிட்டது! தொங்கும் தொட்டியில் வளர்ந்த பழைய ஐவி, கொடி ஒவ்வொன்றும் நாலடி நீளம். அதைக் கீழே வைத்து, கொடிகளைத் தூக்கி வலையில் கட்டிவிட்டால் அன்றைக்கே ஜன்னல் உயரம். தொங்கி வளர்ந்த பழைய தண்டு இனிமேல் சுவரைப் பிடிக்காது, கட்டித்தான் விடணும். நுனியில் வருகிற புதுத் தளிர்தான் ஒட்டும். சுவரில் ஒட்டினால் வீட்டுக்காரர் சத்தம் போடுவார், அதனால் அரை அடி தள்ளி ஜிஐ கம்பி வலை. நர்சரி அண்ணா சிரித்தார், "அவசரமாக்கா?"

நவம்பர் 18
பதினெட்டு அங்குலத் தொட்டி இரண்டு, அடியில் செங்கல் கொடுத்து. செம்மண், மணல், மக்கின சாணி, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கொஞ்சமே கொஞ்சம், இந்த நிழலில் அது ஈரத்தை விடவே விடாது. கையுறை போட்டுக்கொண்டுதான் கட்டினேன், ஐவிச் சாறு பட்டால் எனக்கு அரிக்கும். இலைக்குப் பின்னால் தண்டில் பழுப்பு மயிர் மாதிரி வேர்கள், ஒரு பக்கம் மட்டும் வரிசையாக, சீப்புப் பல் போல. அப்பா கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "பூக்குமா?" என்றார். பூக்கும்ப்பா என்றேன். ஐவி பூக்க வேண்டுமென்றால் பல வருஷம் ஏறி, இலையின் வடிவமே மாறணும். அதை அவர் கேட்கவில்லை.

பக்கத்துத் தலைகுந்தாவில் பனி விழுந்ததாம். பூங்காவில் செடிகளை மிலார்ச் செடித் தழை போட்டு மூட ஆரம்பித்துவிடுவார்கள். திறந்த பள்ளத்தில்தான் கொட்டும், இந்தச் சந்துக்குள் அவ்வளவு வராது. வராது.

நவம்பர் 19
நேரில் வரச் சொன்னார்கள், இரண்டு பேரையும். முதல் பஸ். அக்காவிடம் சாவி கொடுத்தாச்சு. தொட்டிக்குத் தண்ணீர் வேண்டாம், விரலை விட்டுப் பார்த்து இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ராத்திரி தங்க வேண்டி வந்தால் போன் செய்கிறேன் என்றும்.