ஒரே ஒரு பிளாக் வந்த டியூப்

"ஒரு பிளாக் மட்டும் வந்த டியூபையெல்லாம் கணக்குல இருந்து எடுத்துடலாமா மேடம்? செல்லுல ஒட்டாத ஃபேஜ்தானே அது?" சிங்கிள் பர்ஸ்ட் சோதனையை முடித்துவிட்டு ஆய்வு மாணவர் கேட்டார். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்தான் ஃபேஜ்; அது தொற்றிய ஒரு செல் வெடித்தால் எத்தனை ஃபேஜ் வெளிவருகிறது என்று எண்ணுவதுதான் இந்தச் சோதனை. பிளாக் என்பது தட்டில் பாக்டீரியா அழிந்து தெரியும் தெளிந்த புள்ளி. எடுத்துவிடலாம் என்றேன். காரணம் இல்லாமல் சொல்லவில்லை. ஆனாலும் உறுத்துகிறது.

டி4 என்ற ஃபேஜை ஈ. கோலை பாக்டீரியாவுடன் பத்து செல்லுக்கு ஒரு ஃபேஜ் என்று கலந்து, 37 டிகிரியில் 5 நிமிடம் ஒட்டவிடுகிறோம். பிறகு டியூபுக்குச் சராசரியாக 0.2 தொற்றிய செல் விழும் அளவுக்கு நீர்க்க வைக்கிறோம். பாய்சான் நிகழ்தகவுக் கணக்குப்படி 100 டியூபில் 82 காலி, 16-இல் ஒரே செல், மீதி இரண்டில் ஒன்றுக்கு மேல். ஒரு மணி நேரம் கழித்து, டியூபைக் கழுவிய நீரையும் சேர்த்து, 45 டிகிரி சாஃப்ட் அகரில் கலந்து தட்டில் ஊற்றுகிறோம்.

ஒட்டாமல் தங்கிய ஃபேஜ் ஒரு பிளாக் தரும், உண்மைதான். நீர்க்க வைக்கும் முன் கொஞ்சம் எடுத்துக் குளோரோஃபார்ம் விட்டால் தொற்றிய செல்கள் செத்து, வெளியே இருக்கும் ஃபேஜ் மட்டும் மிஞ்சும். டி4 குளோரோஃபார்மைத் தாங்கும். அப்படி மிஞ்சியது போட்ட ஃபேஜில் 5 சதவீதம் என்றால், 100 டியூபில் சுமார் ஒன்றில்தான் இந்தத் தனி பிளாக் வர வேண்டும்.

அதற்கு மேல் வந்தவை? ஊற்றும் நேரத்தில் வெடிக்காத செல்லும் ஒரே பிளாக்தான் தரும். உள்ளே இருநூறு ஃபேஜ் இருந்தாலும் அத்தனையும் அகரில் ஒரே இடத்தில்தான் வெளிவரும். டி4 வெடிக்க 25 நிமிடம் ஆகும் என்பது மொத்தக் கல்ச்சருக்கான கணக்கு. செல்லுக்குச் செல் அது மாறும். ஒரு செல் தரும் ஃபேஜ் எண்ணிக்கையும் அப்படியே: செல்களின் அளவில் உள்ள வேறுபாட்டைவிட அதன் வேறுபாடு மிகப் பரந்தது என்று ஃபேஜ் ஆய்வாளர் டெல்புரூக் 1945-லேயே காட்டிவிட்டார். அந்த வேறுபாட்டைப் பார்க்கத்தான் இந்தச் சோதனையே. தாமதமாக வெடிப்பவற்றை நாமே வெட்டி எறிந்தால் பரவலில் ஒரு முனை போய்விடும்.

எதிர்பார்த்த ஒன்றை மட்டும் கழிக்கலாம். சராசரிக்கு அது போதும். ஆனால் எந்த டியூபை என்று யாரும் விரல் நீட்ட முடியாது.

பாதி டியூபை 60 நிமிடத்திலும் பாதியை 90-இலும் ஊற்றினால் தெரியுமே என்று தோன்றும். தாமத செல்கள் என்றால் 90-இல் தனி பிளாக் குறையும், ஒட்டாத ஃபேஜ் என்றால் குறையாது. ஆனால் கூடுதல் அரை மணியில் வெளிவந்த ஃபேஜ்கள் செல் சிதைவுகளில் ஒட்டி வீணாகலாம். அப்போது பெரிய எண்ணிக்கைகளும் சரியும். தவிர, ஒவ்வொரு பாதியிலும் செல் விழுந்த டியூப் ஒன்பதுதான். அதில் தனி பிளாக் வந்த டியூப் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தது என்பதை வைத்து என்ன சொல்ல?