கசாப்புத் தெருவில் ஒரு மறைசாட்சி

இங்கிலாந்தின் யார்க் நகருக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது மின்ஸ்டர் பேராலயத்தைத்தான். நாங்களும் பார்த்தோம். 1408-ல் முடிந்த கிழக்குக் கண்ணாடிச் சாளரம் ஒன்றுக்கே ஒரு நாள் வேண்டும். ஆனால் நான் தேடி வந்தது இந்த ஊரில் பிறந்து, விசுவாசத்துக்காக இந்த ஊரிலேயே கொல்லப்பட்ட ஒரு குடும்பப் பெண்ணை: புனித மார்கரெட் கிளித்தரோ.

ஷாம்பிள்ஸ் பழைய கசாப்புத் தெரு. எதிரெதிர் மாடிகள் முட்டிக்கொள்வதுபோல் சாய்ந்து நிற்கின்றன. இறைச்சி தொங்கவிட்ட இரும்புக் கொக்கிகளைக் கடை முகப்புகளில் இன்னும் பார்க்கலாம். சுற்றுலாக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு 35-ஆம் எண்ணில் மார்கரெட் நினைவாக இருக்கும் சிற்றாலயத்துக்குள் நுழைந்தால் தாழ்ந்த விட்டம், கல்லால் கட்டிய கணப்படுப்பு, சிறிய பீடம். அவர் வாழ்ந்த வீடு எதிர்வரிசையில் இருந்தது என்கிறார்கள் இப்போது. இருக்கட்டும், செபமாலை சொல்ல இந்த அறை போதும்.

மார்கரெட் மெழுகுவர்த்தி வணிகரின் மகள். 1571-ல் கசாப்புக்காரர் ஜானுக்கு வாழ்க்கைப்பட்டார். கணவர் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையிலேயே இருக்க, இவர் மட்டும் கத்தோலிக்கரானார். கத்தோலிக்கப் பூசைக்கும் குருக்களுக்கும் தடை இருந்த காலம் அது. குருக்களை வீட்டில் ஒளித்துவைத்துப் பூசை காண வழிசெய்தார். 1586-ல் பிடிபட்டதும், குற்றவாளியா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே மறுத்துவிட்டார். சொன்னால் விசாரணை நடக்கும். பெற்ற பிள்ளைகளையே தாய்க்கு எதிராகச் சாட்சி சொல்ல வைப்பார்கள். பதில் சொல்ல மறுப்பவர்களைப் பாரம் ஏற்றி நசுக்குவது அன்றைய சட்டம்.

ஊஸ் ஆற்றுப் பாலத்தின் மிக்கில்கேட் தெருப் பக்கம் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. மார்ச் 25, வெள்ளிக்கிழமை, இந்தப் பாலத்தில்தான் அவரைக் கொன்றார்கள். முதுகுக்கடியில் கூரான கல், உடல்மேல் ஒரு கதவு, கதவின்மேல் பாரம். கால் மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. அதற்குமுன் தன் தொப்பியைக் கணவருக்கும் காலணியை மகள் ஆனுக்கும் கொடுத்தனுப்பியிருந்தார். அந்த மகள் பின்னாளில் பெல்ஜியத்தின் லூவேன் நகரில் துறவியானார்.

அப்போது 15 வயதாக இருந்த இன்னொரு யார்க் பிள்ளை கய் ஃபாக்ஸ். 1605-ல் நாடாளுமன்றத்தையே வெடிமருந்தால் தகர்க்கப் பார்த்தவர். மின்ஸ்டர் அருகே அவர் பெயரில் ஒரு விடுதி ஜோராக நடக்கிறது. வாயைத் திறக்காமல் செத்தவரை விட வெடி வைத்தவரைத்தான் ஊருக்குத் தெரிகிறது! எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

பாலத்திலிருந்து நேரே ஏறினால், பழைய நகர மதில் வாயிலைத் தாண்டியதும் பார் கான்வென்ட். 1686-ல் தொடங்கிய கத்தோலிக்கக் கன்னியர் மடம். உள்ளேயிருக்கும் சிற்றாலயத்தின் குவிமாடம் தெருவிலிருந்து தெரியாது; சாதாரண ஓட்டுக்கூரைக்குள் மறைத்துக் கட்டியிருக்கிறார்கள். சோதனைக்கு ஆள் வந்தால் தப்பிக்க எட்டு வழிகள் வேறு. இங்கேதான் மார்கரெட்டின் கை திருப்பண்டமாக, அதாவது வணங்கிப் பாதுகாக்கும் புனித எச்சமாக, கண்ணாடிக்குள் இருக்கிறது. காய்ந்து சுருங்கிய, சின்னஞ்சிறு கை. பாரம் ஏற்றியபோது இரண்டு கம்பங்களில் இழுத்துக் கட்டிய கைகளில் ஒன்று.

ஷாம்பிள்ஸ், பாலம், மடம் என்ற வரிசையில் நடந்தே போய்விடலாம். பெரியவர்களைக் கூட்டிப் போனால் மிக்கில்கேட் ஏற்றத்தில் மெல்ல நடங்கள்.