பத்து சிட்டிங்கும் ஒரு நோட்டும்

போன ஐப்பசியில் சம்பாவுக்கு மேலுரம் போடும்போது வந்த வினை இது. 45 கிலோ யூரியா மூட்டையைத் தூக்கி வரப்பில் இறக்கும்போது குறுக்கில் சுரீர் என்றது. பிடிப்புதான் என்று நினைத்து உரத்தைத் தெளித்து முடித்துவிட்டே வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள் வலி குறுக்கை விட்டு இறங்கி, வலது பிட்டம், தொடையின் வெளிப்பக்கம், கெண்டைக்கால் என்று ஓடிக் கால் கட்டை விரலில் போய் நின்றது. தும்மினால் கால் முழுக்க கரண்ட் பாயும். உட்கார முடியாமல் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

எலும்பு டாக்டர் மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நீட்டியபடியே தூக்கினார். பாதி தூக்குவதற்குள் கத்திவிட்டேன். எம்.ஆர்.ஐ. எடுத்ததில், இடுப்பு முள்ளெலும்பில் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று தெரிந்தது. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்றார். பிதுங்கிய பகுதியை உடம்பே மெல்ல உறிஞ்சிக்கொள்வது உண்டு, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் வலி குறையும் என்று சொன்னார். ஆனால் சிறுநீர் போக முடியாமல் அடைத்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, பாதம் தொங்கினாலோ அன்றைக்கு ராத்திரியே ஓடி வர வேண்டும். இந்த மூன்றையும் என் மனைவியை ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

மாத்திரை வயிற்றை எரித்தது. அக்குபங்சர் என்பது உடம்பின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் சீன வைத்தியம். தெருவில் ஒருவர் சொன்னார் என்று, ஊசி இல்லாமல் விரலால் ஒரே புள்ளியைத் தொட்டு அதைச் செய்யும் ஒருவரிடம் போனேன். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஸ்கேனைப் பார்க்கவே தேவையில்லை, மாத்திரையை இன்றே நிறுத்துங்கள் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. நரம்பு அழுந்திக் கிடக்கும்போது பாதத்தில் பலம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காதவரை எப்படி நம்புவது? மறுபடி போகவில்லை.

அக்கா மகள் திருச்சியில் பிசியோதெரபி படிக்கிறாள். வீடியோ காலில் வந்தாள். "மாமா, கட்டை விரலை மேல தூக்குங்க. அத்தை, நீங்க விரலால அதைக் கீழ அமுக்குங்க." மனைவி அமுக்கினாள். விரல் தாழாமல் நின்றது. "சரி, பலம் இருக்கு. இப்போ அக்குபங்சர் ஊசி போட்டுப் பார்க்கலாம் மாமா, ஆனா டாக்டர்கிட்ட சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

அரசு மருத்துவமனையில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவில் அக்குபங்சர் போடுகிறார்கள். அங்கிருந்த டாக்டரம்மா ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறேனா, சாப்பிட்டுவிட்டு வந்தேனா என்று கேட்டார். வயிற்றுக்கடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுக்க வேண்டும். ஊசியை என் கண்முன்னே கவரைக் கிழித்து எடுத்தார், தலைமுடிபோல மெல்லியது. குறுக்கில், பிட்டத்தில், முழங்கால் மடிப்புக்குப் பின்னால், கணுக்கால் பக்கம். குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி. அப்புறம் முழங்கால் ஊசியை லேசாகத் திருகியபோதுதான் உள்ளே கனமாக ஏதோ இழுத்தது, சேற்றில் கால் புதைவதுபோல. அந்த உணர்வு வர வேண்டும் என்றார்.

வாரத்துக்கு இரண்டு சிட்டிங், மொத்தம் பத்து. தினமும் கால் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க், எத்தனை மணி தூங்கினேன், எவ்வளவு தூரம் நடந்தேன் என்று நோட்டில் எழுதினேன். முதல் வாரம் எட்டு, எட்டு, ஏழு, எட்டு. மூன்றாவது சிட்டிங் முடிந்தும் எட்டு. விட்டுவிடலாமா என்றிருந்தது. ஐந்தாவது முடிந்த ராத்திரி நான்கு மணி நேரம் எழாமல் தூங்கினேன். எட்டாவதில் மார்க் நாலு.

ஊசியா, நாள் போனதா? மருமகளிடம் கேட்டேன். இந்தக் கேள்விக்காகத்தான் போலி ஊசி வைத்து ஆராய்கிறார்கள் மாமா என்றாள். ஜெர்மனியில் 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில் நாள்பட்ட குறுக்கு வலிக்காரர்கள் 1162 பேர். ஆறு மாதத்தில் முன்னேறியவர்கள் முறையான ஊசிக்கு 47.6 சதவீதம், புள்ளி இல்லாத இடத்தில் மேலாகக் குத்திய போலி ஊசிக்கு 44.2, வழக்கமான சிகிச்சைக்கு 27.4. எங்கே குத்தினாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று இது காட்டுகிறது. ஆனால் அது பொதுவான குறுக்கு வலி. ஜவ்வு பிதுங்கிக் காலில் இறங்கும் நாள்பட்ட வலிக்கு என்றே சீனாவில் 220 பேரிடம் செய்த ஆய்வு 2024-இல் வந்தது. அதிலும் பத்து சிட்டிங், நாலு வாரத்தில். நூறு மார்க் அளவுகோலில் கால் வலி ஊசிக்குச் சுமார் 31 குறைந்தது, போலிக்குச் சுமார் 15. எந்த நோய்க்கு என்ன சிகிச்சை தரலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல் குறுக்கு வலிக்கு அக்குபங்சர் தர வேண்டாம் என்றது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் சங்கம் 2017-இல் முயன்று பார்க்கலாம் என்றது. போலியைவிட எவ்வளவு கூடுதல் பலன் என்பதை நைஸ் பார்த்தது, ஒன்றும் செய்யாததைவிட ஆள் தேறுகிறானா என்பதையும் அமெரிக்கச் சங்கம் பார்த்தது.

என் ஒருவன் நோட்டை வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஊசி ஜவ்வை உள்ளே தள்ளியது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வலி கொஞ்சம் அடங்கியதால் நடக்க முடிந்தது, நடந்ததால் தேறினேன் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த டாக்டரம்மாவும் ஒரு நாளும் அதற்குமேல் சொல்லவில்லை. அதனாலேயே அவரை நம்பினேன்.

பத்தாவது அன்று பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். மார்க் இரண்டு. கட்டை விரல் நுனியில் லேசான மரமரப்பு இன்னும் இருக்கிறது. தை அறுப்பில் மூட்டை எதையும் தொடவில்லை, உரத்தை இப்போது பாதிப் பாதியாகப் பிரித்துத்தான் வயலுக்குக் கொண்டுபோகிறோம்.