முதலில் இடைவெளி, அப்புறம்தான் கோடு: கையால் வரையும் அனிமேஷன் பழகிய விதம்

கையால் வரையும் பாத்திர அனிமேஷனை வாரம் ஒரு திருத்தம் என்ற கணக்கில் வழிகாட்டி ஒருவரிடம் பழகினேன். திருத்தங்களில் முக்கால்வாசி ஓவியத்தைப் பற்றியவையே அல்ல. கை கோணலாக இருக்கிறது, முகம் சரியில்லை என்றெல்லாம் நாம் நினைக்கும் இடங்களில் உண்மையான கோளாறு பெரும்பாலும் இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள தூரத்தில்தான் இருக்கிறது. இதை எந்த வரிசையில் பழகுவது, எங்கே சறுக்கும் என்பதை எழுதி வைக்கிறேன்.

சாமான் அதிகம் வேண்டாம். தாளுக்கு அடியிலிருந்து வெளிச்சம் தரும் லைட் பாக்ஸுக்குப் பதில் ஏ4 எல்இடி டிரேசிங் பேட் போதும். தாள் நகராமல் பிடிக்கும் பெக் பார் மட்டும் கட்டாயம். ஸ்டுடியோத் தாள்களில் அக்மி துளை இருக்கும்: நடுவில் ஒரு வட்டம், இரு பக்கமும் நீளவாக்கில் ஒவ்வொரு துளை. அதற்கான பஞ்ச் விலை அதிகம். ஃபைலுக்குத் துளை போடும் சாதாரண இரட்டைத் துளை பஞ்சும் அதே இடைவெளியில் இரண்டு முளையும் இருந்தால் வேலை நடக்கும். ஒரே பஞ்ச், தாளின் ஒரே விளிம்பு என்பதை மட்டும் மாற்றக்கூடாது. துளை அரை மி.மீ. தள்ளினாலும் ஓடவிடும்போது உருவம் குளிரில் நடுங்குவது போலத் தெரியும். தாள் 70, 75 ஜிஎஸ்எம் போதும்; கனத்த தாளில் மூன்றாவது படம் ஊடுருவித் தெரியாது. முதல் வரைவுக்கு நீலப் பென்சில், அதன்மேல் 2பி.

கணினியில் என்றால் ஓப்பன்டூன்ஸ், கிரிட்டா இரண்டும் இலவசம். கிளிப் ஸ்டுடியோ வாங்குபவர்கள் கவனிக்க: ப்ரோ பதிப்பில் 24 ஃபிரேமுக்கு மேல் அனிமேஷன் செய்ய முடியாது, இஎக்ஸ் வேண்டும். ஆனாலும் முதல் இரண்டு மாதம் தாளிலேயே பழகுவது நல்லது என்பது என் கட்சி. விரல்களுக்கு இடையே தாள்களைச் செருகி முன்னும் பின்னும் புரட்டிப் பார்க்கும்போது கண் அசைவைப் பார்க்கிறது. கணினியில் பக்கத்துப் படங்களை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின்னில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளைத்தான் பார்க்கிறது.

முதல் பயிற்சி குதிக்கும் பந்து. இதை அரை நாளில் முடித்துவிட்டு நடைக்குத் தாவுகிறவர்கள், நடையில் மூன்று வாரம் சிக்கிக்கொண்டு பந்துக்கே திரும்பி வருவார்கள். கணக்கு இப்படி: நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் நொடிக்கு 12 படம். இதற்கு ‘டூஸ்’ என்று பெயர். நிலையிலிருந்து விழும் பொருள் அரை நொடியில், அதாவது 12 ஃபிரேமில், ஏறக்குறைய 1.2 மீட்டர் விழும். டூஸில் அது ஆறு இடைவெளி. அந்த இடைவெளிகள் 1, 3, 5, 7, 9, 11 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போகும். மொத்தம் 36 பங்கு. தாளில் 180 மி.மீ. உயரம் எடுத்துக்கொண்டால் ஒரு பங்கு 5 மி.மீ. ஆக, இடைவெளிகள் 5, 15, 25, 35, 45, 55. அளவுகோல் வைத்துக் குறித்துவிட்டு அதன்மேல் பந்தை வரையலாம்.

அடுத்த குதிப்புகளையும் இதே அளவில் போடலாம். நான்கு படத்தில் ஏறினால் உயரம் 80 மி.மீ., மூன்றில் 45, இரண்டில் 20. உச்சிப் படம் ஒன்றே ஒன்றுதான். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அது பொது. எல்லோரும் செய்கிற தவறு, உயரத்தைக் குறைத்துவிட்டு நேரத்தைக் குறைக்காமல் விடுவது. 20 மி.மீ. குதிப்புக்கும் பழைய பன்னிரண்டு ஃபிரேமையே கொடுத்தால் பந்து நிலாவில் குதிக்கும். இதைப் புரட்டிப் போட்டால் அளவைக் காட்டும் வித்தையும் வந்துவிடுகிறது. அதே 180 மி.மீ. விழுவதற்கு 24 ஃபிரேம் கொடுத்தால், பார்ப்பவர் கண்ணுக்கு அது ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் பெரிய உருண்டை.

பந்தின் விட்டம் 30 மி.மீ. என்றால் கடைசி 55 மி.மீ. இடைவெளியில் அடுத்தடுத்த இரு படங்கள் ஒன்றையொன்று தொடாது. கண் நூலை விட்டுவிடும், பந்து வெட்டி வெட்டித் தெரியும். அங்கே மட்டும் ஒரு ஃபிரேமுக்கு ஒரு படம் போடலாம், அல்லது பந்தை இழுத்து நீட்டலாம். நீட்டினால் தாளில் பந்தின் பரப்பு மாறக்கூடாது: நீளம் 40 ஆனால் அகலம் 22, 23. தரையைத் தொடும் படத்தில் பந்து நீண்டே இருக்கட்டும். அமுங்குவது அதற்கு அடுத்த படத்தில். தொடும் படத்தை விட்டுவிட்டு நேராக அமுங்கிய பந்தைப் போட்டால் காற்றிலேயே எதிலோ மோதியது போலிருக்கும்.

வழிகாட்டிக்கு அனுப்பும் விதத்திலேயே பாதித் திருத்தம் வீணாகிவிடும். செல்போனை ஸ்டாண்டில் பொருத்தி, ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டிவிட்டுப் படம் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் வெளிச்சம் ஏறி இறங்கி, அசைவே துடிப்பது போலத் தெரியும். செயலி 15 அல்லது 30 ஃபிரேம் வேகத்தில் வைத்திருக்கிறதா என்று பார்த்து 24 அல்லது 12-க்கு மாற்றுங்கள். 15-ல் வந்த நடையைப் பார்த்து “அவசரமாகப் போகிறான்” என்று அவர் சொல்ல, சரியாக இருந்த டைமிங்கை நாம் கெடுத்துக்கொள்வோம். மூலையில் படத்தின் எண் கட்டாயம் தெரிய வேண்டும். நடை என்றால் நான்கு சுற்றாவது தொடர்ந்து ஓடட்டும்.

எந்தக் கட்டத்தில் காட்டுவது என்பது அதைவிட முக்கியம். குச்சி மனிதனாகக் கீ படங்கள், அதாவது அசைவின் முக்கிய நிலைகள், மட்டும் இருக்கும்போது ஒரு முறை, இரண்டு கீ படங்களுக்கு நடுவே அசைவு போகும் வழியைக் காட்டும் பிரேக்டவுன் சேர்ந்ததும் ஒரு முறை, மீதி இடத்தை நிரப்பும் இடைப்படங்கள் எல்லாம் வந்ததும் ஒரு முறை. விரலும் முடியும் துணி மடிப்பும் வரைந்துவிட்ட பிறகு “இடுப்பு தப்பு” என்று கேட்டால் மனசு அந்த முடியைக் காப்பாற்றத்தான் வழி தேடும். டிஸ்னி ஸ்டுடியோவில் பென்சில் டெஸ்ட்களை, அதாவது பென்சில் வரைவுகளை அப்படியே படம் பிடித்த சோதனைகளை, ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொன்ன அறைக்கு ‘ஸ்வெட்பாக்ஸ்’, அதாவது வியர்வைப் பெட்டி, என்றே பெயர்; அங்கே காட்டப்பட்டவையும் முடிக்காத வரைவுகள்தான். இந்தியாவுக்கும் இந்த வேலை ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் வந்தது. 1956-ல் டிஸ்னி அனிமேட்டர் கிளேர் வீக்ஸ் மும்பையில் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து பயிற்சி கொடுத்தார். இந்திய அனிமேஷன் முன்னோடி ராம் மோகன் அவரிடம் பயின்றவர்.

திருத்தம் பொதுவாக நம் படத்தின்மேல் வேறு நிறத்தில் வரைந்து வரும். ஜப்பானிய ஸ்டுடியோக்களில் இதற்கென்றே நிறத் தாள் வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே டிரேஸ் எடுத்தால் அந்த ஒரு படம் மட்டும் நன்றாகிவிடும், பக்கத்துப் படங்களோடு ஒட்டாது. நம் படத்தையும் திருத்தத்தையும் மாற்றி மாற்றிப் புரட்டி மூன்றை மட்டும் பாருங்கள்: இடுப்புக் கோட்டின் சாய்வு, தலை இருக்கும் இடம், எடை எந்தக் காலில். வித்தியாசத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு, திருத்தத்தை மூடிவைத்துப் புதிதாக வரையுங்கள்.

வழிகாட்டிகளின் பேச்சுக்குக் கொஞ்சம் அகராதியும் வேண்டியிருக்கிறது. “மிதக்குது” என்றால் எடை வாங்கும் படம் இல்லை. “கொழகொழன்னு இருக்கு” என்றால் எல்லா அசைவும் மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கிறது, எங்கும் ஒரு வெட்டு இல்லை. “எல்லாம் ஒரே நேரத்துல நிக்குது” என்றால் இடுப்பு நின்று இரண்டு நான்கு ஃபிரேம் கழித்துத் தலை, அதற்குப் பின் கை, கடைசியாகத் துணி என்று பிரிக்க வேண்டும்.

நடைக்கு வருவோம். ஓர் அடிக்கு 12 ஃபிரேம் என்று எல்லா இடத்திலும் சொல்வார்கள், உண்மையும்தான். ஆனால் டூஸில் பழகுகிறவருக்கு அது தொல்லை. கால் ஊன்றுவது 1, தூக்கிய கால் நிற்கும் காலைக் கடப்பது 7 என்றால் நடுவில் தாழ்வது 4-ல் விழும். டூஸில் 4 என்ற படமே கிடையாது. அதனால் முதல் நடையை ஓர் அடிக்கு 16 ஃபிரேமாக எடுங்கள்: 1 ஊன்றல், 5 தாழ்வு, 9 கடப்பு, 13 எழுச்சி, 17-ல் மறுகால் ஊன்றல். கொஞ்சம் சாவகாசமான நடை, ஆனால் எல்லாம் பாதி பாதியாக அழகாகப் பிரியும். இரண்டு அடி சேர்ந்து 32 ஃபிரேம், 16 படம். 33-வது ஃபிரேமில் வருவது முதல் படமேதான்; அதையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் வரும்.

எடை தெரிவது தாழ்வுப் படத்தில். முழங்கால் மடங்கி உடல் இறங்க வேண்டும், 15 செ.மீ. உயர உருவத்துக்குத் தாழ்வுக்கும் எழுச்சிக்கும் இடையே தலை ஐந்தாறு மி.மீ.யாவது ஏறி இறங்கட்டும். கைவீச்சு மிக அகலமாக இருப்பதும் தாழ்வில்தான், ஊன்றலில் அல்ல. கடப்பில், தூக்கிய கால் பக்கம் இடுப்பு சற்று இறங்கும். இடதுகாலுக்கும் வலதுகாலுக்கும் வெவ்வேறு நிறம் கொடுத்துவிடுங்கள். எட்டாவது படத்தில் இரண்டும் இடம் மாறிப்போவது எல்லோருக்கும் நடக்கும்.

பாதம் வழுக்குவதுதான் நடையில் தீராத வியாதி. நின்ற இடத்தில் நடக்கும் சுழற்சியில், தரையிலுள்ள பாதம் ஒவ்வொரு படத்திலும் ஒரே அளவு பின்னால் போக வேண்டும். அடியின் நீளம் 80 மி.மீ. என்றால் எட்டு இடைவெளிக்குத் தலா 10. இங்கே மெதுவாகத் தொடங்குவது, மெதுவாக நிற்பது எதுவும் கூடாது. இதைச் சரியாகச் செய்துவிட்டு, பின்னணியை மட்டும் ஒரு ஃபிரேமுக்கு ஒரு முறை நகர்த்தினால் பாதம் மறுபடி நடுங்கும். இரண்டும் ஒரே தாளத்தில் போக வேண்டும்: பின்னணியும் டூஸ், அல்லது நடையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும்.

தலை திருப்பும் பயிற்சியில் இடைப்படத்தின் குணம் தெரிந்துவிடும். இடப்பக்க முகத்துக்கும் வலப்பக்க முகத்துக்கும் நேர் நடுவில் கோடு போட்டால் மூக்கு நேர்கோட்டில் போகும், முகம் சப்பையாகும். நடுப்படத்தில் தலையைத் தாழ்த்தி, மூக்கின் நுனி வளைவில் போகும்படி வையுங்கள். கண்கள் இரண்டு மூன்று ஃபிரேம் முன்னால் கிளம்பட்டும். நடுவில் ஒரு இமைப்பு. மெல்ல வந்து நிற்க வேண்டுமானால் 1, 9 என்ற எண்ணுள்ள கீ படங்களுக்குப் பாதித் தூரத்தில் 3-ம் படம், 3-க்கும் 9-க்கும் பாதித் தூரத்தில் 5, 5-க்கும் 9-க்கும் பாதித் தூரத்தில் 7. இதைக் கீ படத்தின் ஓரத்தில் ஏணி போலக் குறித்து வைப்பதுதான் டைமிங் சார்ட்.

கிட்டத்தட்ட ஒரே வடிவம் இடம் மட்டும் மாறும்போது, தாள்களைப் பெக்கிலிருந்து எடுத்து, இரண்டு கீ படங்களின் தலையும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி வைத்து, புதிய தாளின் துளை அந்த இரண்டு தாள்களின் துளைகளுக்கு நடுவில் வரும்படி பொருத்தி வரையலாம். அளவு சுருங்காமல் இருக்க இது நல்ல வழி. ஓப்பன்டூன்ஸிலும் ‘ஷிஃப்ட் அண்ட் டிரேஸ்’ என்று இதே வசதி இருக்கிறது. வழக்கமான முறையில் வரைந்தால் ஒவ்வொரு இடைப்படத்தையும் கீ படத்தோடு ஒப்பிடுங்கள், முந்தைய இடைப்படத்தோடு அல்ல. அப்படிச் செய்யாததால்தான் பத்தாவது படத்தில் தலை எலுமிச்சம்பழம் ஆகிவிடுகிறது.

கனமான பெட்டியைத் தூக்குவது எனக்கு ஐந்து திருத்தம் வாங்கிய பயிற்சி. முகத்தைச் சுளித்து, பல்லைக் கடித்து எடையைக் காட்ட முயல்வது வீண். பெட்டி நகர்வதற்கு முன் உடல் என்ன செய்கிறது என்பதில்தான் எடை இருக்கிறது: கை இறுகி, முதுகு வளைந்து, இடுப்பு பின்னால் போன பிறகும் பெட்டி எட்டு, பத்து ஃபிரேம் அசையாமல் கிடக்க வேண்டும். கிளம்பியதும் பெட்டி ஆளை நோக்கி வரும், ஆளின் இடுப்பும் பெட்டிக்கு அடியில் போகும். இரண்டு கையும் கண்ணாடிப் பிம்பம் போல ஒரே மாதிரி போனால் ‘ட்வின்னிங்’ என்று உடனே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு கையை இரண்டு ஃபிரேம் பிந்தவிட்டு, அந்தப் பக்கத் தோளைச் சற்று இறக்கினால் போதும்.

ஐந்து முறையும் புதிய கோப்பாகவே சேமித்து வைத்திருக்கிறேன். முதலாவதையும் ஐந்தாவதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால், முதலாவதில் கோடு சுத்தமாக இருக்கிறது, பெட்டிதான் காலி.