முதுகில் இல்லை, இங்கன

ஸ்கேன் அறையில் எனக்கு உதவிக்கு இருக்கும் பெண் புதிது. சீட்டில் 'கிட்னி' என்று பார்த்ததும் அந்த இளைஞரை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, விலாவில் ஜெல்லைப் பூசிவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே திரும்பி, வலது அடிவயிற்றைத் தொட்டுக் காட்டினார். “முதுகுல இல்ல, இங்கன.”

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். சிறுநீரகம் கொடுத்தது அம்மா. அறுவை சிகிச்சை நடந்தது திருவனந்தபுரத்தில். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் பலருக்கும் பெரிய வைத்தியம் என்றால் கால் அந்தப் பக்கம்தான் போகும். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. அவை சுருங்கிப்போய் இருந்த இடத்திலேயே கிடக்கும். புதியதை அடிவயிற்றில் வைத்து, அங்கே ஓடும் ரத்தக்குழாய்களோடு தைத்துவிடுவார்கள். தோலுக்கு அருகில் இருப்பதால் ஸ்கேனில் தெளிவாகத் தெரியும். எங்களுக்கு அது ஒரு வசதி. அதே வசதிதான் ஆளை ஏமாற்றவும் செய்யும்.

சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு கிரியாட்டினின். இரண்டு வாரத்தில் அவருக்கு அது 1.2-லிருந்து 1.9-க்கு ஏறியிருந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. இப்போதைய மருந்துகளுக்கு முன்னால் ரிஜெக்‌ஷன், அதாவது புதிய உறுப்பை உடம்பு ஏற்காமல் எதிர்ப்பது, என்றால் காய்ச்சலும், வைத்த இடத்தில் வீக்கமும் வலியுமாக வரும் என்பார்கள். இப்போது பெரும்பாலும் சத்தமே இல்லாமல் வருகிறது.

ஸ்கேன் கருவியின் கைப்பிடியான புரோபை வைத்ததும் சிறுநீரகத்தின் நடுப்பகுதி லேசாக விரிந்திருந்தது. குழாய் அடைப்போ? கொஞ்சம் கீழே பார்த்தால் சிறுநீர்ப்பை முட்டிக்கொண்டு நிற்கிறது. ஸ்கேனுக்கு வருகிறவர்களிடம் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று நாங்களே சொல்லிப் பழக்கிவிட்டோம். போய்விட்டு வரச் சொன்னேன். வந்து பார்த்தால் விரிவைக் காணோம்.

அப்புறம் ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளர். இதயம் சுருங்கும்போது ரத்தம் பாயும் உச்ச வேகத்திலிருந்து, அடுத்த துடிப்புக்குச் சற்று முன்னால் உள்ள வேகத்தைக் கழித்து, வந்ததை உச்ச வேகத்தாலேயே வகுத்தால் கிடைப்பது ஆர்.ஐ. (ரெசிஸ்டிவ் இண்டெக்ஸ்). வேகம் 50 என்றும் 15 என்றும் இருந்தால் 0.7. அது நல்ல எண். 0.8-ஐத் தாண்டினால் உள்ளே ஏதோ ரத்தத்தை எதிர்க்கிறது என்று பொருள். எனக்கு வந்தது 0.84.

வயிற்றைக் கலக்கியது. அந்த அம்மா சுவரோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்க கிட்னி கொள்ளாமா சாரே?” என் கிட்னி நன்றாக இருக்கிறதா என்கிறார். கொடுத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, இன்னும் 'எனக்க'தான். அப்போதுதான் கவனித்தேன், என் கை அழுத்திக்கொண்டிருந்தது. தோலுக்கு அருகில் இருக்கும் சிறுநீரகத்தைப் புரோபால் அழுத்தினால் ஆர்.ஐ. தானாக ஏறும். படிக்கும் காலத்தில் ஆசிரியர் என் மணிக்கட்டைத் தட்டித் தட்டிச் சொன்ன பாடம். கையைத் தளர்த்தி, மூன்று இடங்களில் எடுத்தேன். 0.71, 0.72, 0.70.

சரி, நிம்மதியா? அங்கேதான் சிக்கல். சில வருஷங்களுக்கு முன் இதேபோல ஒருவருக்கு எண்கள் எல்லாம் அழகாக இருக்க, ரிப்போர்ட்டின் கடைசியில் 'நார்மல்' என்று போட்டுவிட்டேன். அந்த ஒரு சொல்லை நம்பி அந்தக் குடும்பம் பத்து நாள் வீட்டில் இருந்துவிட்டது. தப்பு அவர்களுடையது அல்ல. ஆர்.ஐ. சரியாக இருந்தும் ரிஜெக்‌ஷன் இருக்கலாம். அது ஏறியிருந்தாலும் காரணம் வேறாக இருக்கலாம்: ரிஜெக்‌ஷனைத் தடுக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு கூடினது, அடைப்பு, சிரையில் ரத்தம் உறைந்தது, வைத்த புதிதில் சிறுநீரகம் விழிக்கத் தாமதித்தது. ரிஜெக்‌ஷனை உறுதி செய்வது, ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான். 1991-இல் கனடாவின் பான்ஃப் நகரில் கூடி வகுத்த முறைப்படிதான் இன்றும் அதைத் தரம் பிரிக்கிறார்கள். அது முழுக்க நுண்ணோக்கிக்காரர்களின் ஊர். எங்கள் ஆர்.ஐ.க்கு அங்கே நாற்காலி கிடையாது. ஊசி போகும் வழியைக் காட்ட மட்டும் எங்களைக் கூப்பிடுவார்கள்.

அன்று இந்த இளைஞருடைய பழைய படங்களை வாங்கி ஒப்பிட்டேன். சிறுநீரகம் கொஞ்சம் தடித்திருந்தது போலத் தோன்றியது, அடித்துச் சொல்ல முடியவில்லை. அடைப்பு இல்லை, சுற்றிலும் நீர்க்கட்டு இல்லை, தமனியும் சிரையும் நன்றாக ஓடுகின்றன. ஆனால் ரிஜெக்‌ஷன் இல்லை என்று இதை வைத்துச் சொல்ல இயலாது, பயாப்சி குறித்து உடனே முடிவெடுக்கவும் என்று எழுதினேன். கேட்க நன்றாக இருக்காது. அம்மாவுக்கும் அதையேதான் சொன்னேன். “அப்போ என்னத்துக்கு இந்த மிஷின்?” என்றார். ஞாயமான கேள்வி. மற்றதெல்லாம் இல்லை என்று சொல்லத்தான் என்றேன். அன்று மத்தியானமே வண்டி பிடித்துத் திருவனந்தபுரம் போனார்கள்.

பயாப்சியில் ரிஜெக்‌ஷன்தான், ஆரம்ப நிலை. மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். கிரியாட்டினின் மெல்ல இறங்கி 1.4-இல் நின்றது.

இப்போதும் அவ்வப்போது ஸ்கேனுக்கு வருகிறார். வந்ததும் யாரும் சொல்லாமலே நேரே கழிப்பறைக்குப் போய்விட்டுத்தான் கட்டிலில் ஏறுகிறார்.