வெடி வெடிக்காத ஊரில் ஒரு வகுப்பு

பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம் என்றாலே ஓவியப் போட்டி, மரக்கன்றோடு ஒரு போட்டோ. அலுத்துப்போய்ப் பிள்ளைகளைச் சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிக்கு அழைத்துப் போனோம். 1977-இல் சரணாலயமான கண்மாய்கள். பக்கத்திலேயே கொள்ளுகுடிப்பட்டி. பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர். அதற்காக வனத்துறை இனிப்பு கொடுப்பதும் வழக்கம்.

நத்தைக்குத்தி நாரையைப் பார்த்த ஏழாம் வகுப்புப் பெண், அலகு நடுவில் ஏன் இடைவெளி, அடிபட்டதா என்று கேட்டாள். நத்தையை இடுக்கிப் பிடிக்கத்தான் என்றதும் நோட்டில் வரைந்துகொண்டாள். (இதற்குப் பரிசெல்லாம் கிடையாது.)

என்னைவிட நன்றாகப் பாடம் எடுத்தவர் ஊர்ப் பெரியவர் ஒருவர். பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு அதுவே உரம் என்றார்.

அடுத்து எங்கள் ஊர்க் கண்மாயில் பறவைக் கணக்கெடுப்பு. பைனாகுலர் இரவல் தருபவர்கள் உள்பெட்டிக்கு வரவும்.